இரண்டு வருட எம்.பி.ஏ. படிப்பில் கல்லூரி விளையாட்டுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது?

கேள்வி: காரைக்குடி மாணவி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் பி.காம். முடித்து, சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்த எனக்கு, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் நகரில் இருக்கும் டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபியூக்வா மேலாண்மைப் பள்ளியில் எம்.பி.ஏ. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வங்கிக் கடனும் கையெழுத்தாகிவிட்டது. இன்னும் மூன்று மாதத்தில் கிளம்ப வேண்டும்.

சேர்க்கை உறுதியானது முதல் சீனியர்கள் பலரிடம் தொலைபேசியில் பேசி வருகிறேன். பாடத்தைப் பற்றியோ பேராசிரியர்களைப் பற்றியோ நான் ஒன்று கேட்டால், அவர்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, கூடைப்பந்தைப் பற்றி நான்கு விஷயம் சொல்கிறார்கள். முதுகலை மாணவர்கள் ஒரு வார இறுதி முழுவதும் வாகன நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டுத் தங்கி, அதன்பிறகு நடக்கும் குலுக்கலில் பெயர் வந்தால் மட்டுமே அந்த வருட ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கும் உரிமை கிடைக்கும் என்றும், எங்கள் பள்ளியிலிருந்து ஏராளமானவர்கள் அதில் கலந்துகொள்வார்கள் என்றும் கேள்விப்பட்டேன். இதை வீட்டில் சொன்னபோது அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இவ்வளவு கடன் வாங்கிப் போகிற இடத்தில் பந்தாட்டம் பார்ப்பதற்காகத் தெருவில் படுக்க வேண்டுமா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது எனக்கும் நியாயமாகவே பட்டது.

எனக்கு வயது 28. பள்ளியில் எறிபந்து ஆடியதோடு சரி, கூடைப்பந்து விதிகள் ஒன்றும் தெரியாது. மது அருந்தும் வழக்கம் இல்லை. இந்தக் கல்லூரிப் பற்று என்பதெல்லாம் பதினெட்டு வயதில் இளங்கலை சேரும் பிள்ளைகளுக்கு உரியதா, அல்லது வேலை பார்த்துவிட்டு இரண்டே வருடம் படிக்க வருகிறவர்களுக்கும் அதில் உண்மையான பயன் உண்டா? கலந்துகொள்ளாவிட்டால் வகுப்பில் தனித்துப் போய்விடுவேனா? அங்கேயோ, வேறு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலோ, நம் ஊரிலோ எம்.பி.ஏ. படித்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: தேவகோட்டை

வாழ்த்துகள், தங்கச்சி. சில வருடங்களுக்கு முன்பு நீங்கள் சேரப்போகும் அதே பள்ளியில் படித்தவள் நான். உங்கள் அப்பச்சி கேட்ட கேள்வியை எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். ஆகவே, அந்த வாகன நிறுத்துமிடத்தில் என்னதான் நடக்கிறது என்பதை முதலில் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

டியூக் அணி சொந்த ஊரில் ஆடும் கேமரன் உள்ளரங்கம் 1940-ல் திறக்கப்பட்டது. இருக்கைகள் 9,314 மட்டுமே. மைக் ஷிஷெவ்ஸ்கி என்ற பயிற்சியாளர் 1980 முதல் 2022 வரை அந்த அணியை நடத்தி 1991, 1992, 2001, 2010, 2015 என ஐந்து முறை தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அரங்கத்தைப் பெரிதாகக் கட்டாமல் அந்தச் சிறிய அரங்கத்தையே வைத்துக்கொண்டிருப்பதால் டிக்கெட்டுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். இளங்கலை மாணவர்களுக்கு அனுமதி இலவசம். பெரிய ஆட்டங்களுக்கு இடம் பிடிக்க அவர்கள் அரங்கத்தின் முன்னால் உள்ள புல்வெளியில் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள், இது 1986-லிருந்து நடந்து வருகிறது. முதுகலை மாணவர்களுக்கும், சட்டம், மருத்துவம், மேலாண்மை படிப்பவர்களுக்கும் தனி ஏற்பாடு. ஆட்டப் பருவம் தொடங்குவதற்கு முன்பே ஒரு வார இறுதியில் எல்லாரும் ஓரிடத்தில் தங்க வேண்டும், தங்கியவர்களின் பெயரைக் குலுக்கலில் போட்டு, தேர்வானவர்களுக்கு அந்தப் பருவம் முழுவதற்குமான டிக்கெட்டை விற்பார்கள்.

நான் கலந்துகொண்ட வருடம் வெள்ளிக்கிழமை மாலை தொடங்கி ஞாயிறு காலைதான் முடிந்தது. எங்கள் குழுவில் பத்துப் பேர். சாமான் ஏற்றும் வாடகை லாரி ஒன்றை எடுத்து, பின்பக்கத் தட்டில் மெத்தைகளை விரித்துக்கொண்டோம். எந்த நேரத்திலும் ஊதல் ஒலிக்கும். ஒலித்தால் குறிப்பிட்ட சில நிமிடத்துக்குள் பதிவு மேசைக்கு ஓடிப்போய் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், காட்டத் தவறினால் பெயர் அடிபட்டுவிடும். இரண்டாம் இரவு மழை பிடித்துக்கொண்டது. விடிவதற்கு முன் ஊதல் ஒலித்தபோது எனக்கு முழிப்பே வரவில்லை. எங்கள் குழுவில் இருந்த பிரேசில் நாட்டுப் பெண் என் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பி, தன் மழைக்கோட்டின் ஒரு பாதிக்குள் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். அவளோடு அதுவரை நான் நான்கு வாக்கியம்கூடப் பேசியிருக்க மாட்டேன்.

அந்த இரவில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் அதிகாரியாக இருந்துவிட்டு வந்த ஒருவர் எங்கள் லாரியில் இருந்தார். இருப்புநிலைக் குறிப்பை வாழ்நாளில் பார்த்திராத அவருக்கு, அடுத்த வாரம் கணக்கியல் தேர்வு. ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த தேன்குழல் டப்பாவை நடுவில் வைத்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில், தேய்மானத்தை ஏன் லாபத்தில் கழித்துவிட்டுப் பணவரவுக் கணக்கில் மீண்டும் கூட்டுகிறோம் என்பதை அவருக்கு விளக்கினேன். பேச்சு வராதவள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. வகுப்பில் கை தூக்கத் தயங்கிய நான், அந்த லாரியில் ஒரு மணி நேரம் தடையில்லாமல் ஆங்கிலத்தில் பேசினேன். பின்னர் அவர் என்னை மூன்று வார காலம் தினமும் மாலையில் உட்கார வைத்து நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்தார். நான் வேலைக்குச் சேர்ந்ததில் அந்த மூன்று வாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

குலுக்கலில் என் பெயர் வரவில்லை. வந்தவர்கள் இரண்டு ஆட்டத்துக்குத் தங்கள் டிக்கெட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டத்தின் டிக்கெட்டை மட்டும் யாரும் யாருக்கும் தர மாட்டார்கள், அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சேப்பல் ஹில்லில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகம் டர்ஹமிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், ஏறக்குறைய காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு வருகிற தூரத்தில் இருக்கிறது. 1920-ல் தொடங்கிய இந்தப் போட்டி அக்கம்பக்கத்து ஊர்களுக்குள் நூறு வருடமாக நடக்கும் பங்காளிச் சண்டையைப் போன்றது.

எனவே என் ஆலோசனை இதுதான்: டிக்கெட்டுக்காகப் போகாதீர்கள், முதல் பருவத்தில் அந்த ஒரு வார இறுதியைக் கட்டாயம் கொடுங்கள். மதுவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். குடிப்பவர்கள் இருந்தார்கள், குடிக்காத நாங்களும் இருந்தோம், என்னை யாரும் வற்புறுத்தவில்லை. லாரி வாடகையைப் பத்தாகப் பங்கிட்டதால் பெரிய செலவும் ஆகவில்லை. கனமான ஜமக்காளம் ஒன்று எடுத்துப் போங்கள், அங்கே இரவில் தரை குளிரும்.

மறுமொழி 2: கோட்டையூர்

மேலே எழுதிய சகோதரியின் அனுபவம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்லியாக வேண்டும்.

நான் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராஸ் பள்ளியில் எம்.பி.ஏ. படித்தவன். அங்கே ராஜாங்கம் கூடைப்பந்துக்கு இல்லை, அமெரிக்கக் கால்பந்துக்குத்தான். 1927-ல் திறக்கப்பட்ட மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். 2020 கணக்கெடுப்பின்படி, பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 1,24,000. ஆட்ட நாளில் ஊரே மஞ்சளும் நீலமுமாகத் தெருவில் நடந்து போகும். ஓஹையோ ஸ்டேட் அணியுடனான போட்டி 1897-ல் தொடங்கியது. முதல் முறை அந்தக் கூட்டத்துக்குள் நின்றபோது, சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் சிறுவனாக என் மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. மறுக்கவில்லை, மெய்சிலிர்த்தது.

சிக்கல் எங்கே என்றால், கால்பந்துப் பருவம் செப்டம்பரில் தொடங்கி நவம்பர் கடைசி வரை போகிறது. முதலாண்டு எம்.பி.ஏ. மாணவனுக்குக் கோடைகாலப் பயிற்சி வேலைக்காக நிறுவனங்கள் வந்து பேசுவதும், சீனியர்களைச் சந்திப்பதும், தன்விவரக் குறிப்பைத் திருத்துவதும், நேர்முகத் தேர்வுக்குத் தயாராவதும் அதே மூன்று மாதத்தில்தான். சொந்த ஊர் ஆட்டம் ஒரு பருவத்துக்கு ஏழு என்று வையுங்கள். ஆட்டம் மூன்றரை மணி நேரம்தான் என்றாலும், அதற்கு முன்னால் வாகன நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டிக் கூடி உண்பது, பின்னால் நண்பர் வீட்டில் கூடுவது என்று சனிக்கிழமை முழுவதும் போய்விடும், ஞாயிறு அரை நாளும் களைப்பில் போகும். நான் ஏழுக்கும் போனேன். போகாவிட்டால் என்னை மறந்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் போனேன். நான் மிகவும் விரும்பிய ஒரு நிறுவனத்தின் முதல் சுற்றிலேயே விழுந்தேன். தயாரிப்பு போதவில்லை என்பது அந்த அறையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் இந்தப் பற்று பெரும்பாலும் இளங்கலை படித்த இடத்தோடு ஒட்டிக்கொள்வது. ஆப்பிள் நிறுவனத்தை நடத்திய டிம் குக் 1988-ல் ஃபியூக்வாவில்தான் எம்.பி.ஏ. பட்டம் பெற்றார். ஆனால் தீவிரமான கல்லூரி விளையாட்டு ரசிகராக அவரை உலகம் அறிந்திருப்பது, 1982-ல் இளங்கலை முடித்த ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்காகத்தான். மைதானத்தில் ஆடுகிறவர்களும் நம் வகுப்பினர் அல்லர். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் நெடுங்கால விதிப்படி ஒரு வீரர் ஐந்து வருடத்துக்குள் நான்கு பருவம்தான் ஆட முடியும் என்பதால், வேலைக்குப் போய்விட்டு எம்.பி.ஏ.வுக்கு வருகிறவர்கள் பல்கலைக்கழக அணியில் இருப்பது மிக அரிது. ஆக, அந்த அரங்கங்களில் நாம் பார்வையாளர்கள் மட்டுமே.

எனக்கு உண்மையிலேயே பயன்பட்டது நானே இறங்கி ஆடியதுதான். இரண்டாம் பருவத்தில் எங்கள் வகுப்புப் பிரிவின் கிரிக்கெட் குழுவில் சேர்ந்தேன். டார்ட்மத் கல்லூரியின் டக் பள்ளியில் படித்த என் நண்பர் ஒருவர் சொன்னதைக் கேளுங்கள். 1900-ல் தொடங்கிய அந்தப் பள்ளியில், பனிச்சறுக்குக் காலணியை அதற்குமுன் தொட்டே பார்க்காதவர்களுக்கென்றே ஒரு ஐஸ் ஹாக்கிப் பிரிவு இருக்கிறது. அதற்கு முக்காலி ஹாக்கி என்று பொருள்படும் ஒரு பெயர், ஏனென்றால் கீழே விழாமல் இருக்க அவர்கள் மட்டையையே மூன்றாவது காலாக ஊன்றிக்கொள்கிறார்கள். மும்பையிலும் லாகோஸிலும் வளர்ந்தவர்கள் அங்கே ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுகிறார்கள். ஆயிரம் பேருக்கு நடுவில் கத்துவதைவிட, இப்படிப் பத்துப் பேரோடு தப்பும் தவறுமாக ஆடுவது ஆளை ஆளோடு சேர்க்கிறது.

உங்களுக்குச் சாதகமான ஒரு செய்தி: கூடைப்பந்துப் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நடக்கிறது, ஆட்டங்களும் இரண்டு மணி நேரச் சுருக்கத்தில் முடிந்துவிடும். எங்களைப் போல் சனிக்கிழமைகளை மொத்தமாக இழக்க வேண்டியிராது. கூடாரத் தங்கலுக்குப் போங்கள், ஆனால் அதன்பிறகு நேர்முகத் தேர்வுகள் முடியும்வரை கணக்குப் பார்த்துச் செலவிடுங்கள்.

மறுமொழி 3: காரைக்குடி, செக்காலை

அக்கா, நான் வெளிநாடு போனதில்லை. இந்த மாவட்டத்திலேயே ஒரு கல்லூரியில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு, இப்போது குடும்பத்தின் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். நம் ஊரிலும் என்று நீங்கள் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியில் விளையாட்டு என்றால் இளங்கலை மாணவர்களுக்குத்தான் என்பது எழுதப்படாத சட்டம். முதுகலைக்காரர்கள் நான்கு செமஸ்டர் படித்துவிட்டுப் போகிறவர்கள், அவர்களுக்கு எதற்கு மைதானம் என்று நினைத்தார்கள். வாலிபால் ஆட மாலையில் ஒரு மணி நேரம் மைதானம் கேட்டு நாங்கள் கொடுத்த விண்ணப்பம் மூன்று மேசைகளைத் தாண்டவில்லை. பல்கலைக்கழக அணித் தேர்வுக்கும் எங்கள் துறைக்குத் தகவல் வராது. இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் நேற்று வந்தவை அல்ல. கிரிக்கெட்டுக்கான ரோகிண்டன் பாரியா கோப்பை 1935-லிருந்து நடக்கிறது. 2020-ல் புவனேஸ்வரத்தில் தொடங்கி, கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளும் வந்துவிட்டன. ஆனால் அந்த ஏணியின் முதல் படி எங்கள் துறைக்குப் பக்கத்தில் எங்கும் இல்லை.

ஆகவே நாங்களே ஓர் இடத்தைத் தேடிக்கொண்டோம். கல்லூரிக்குப் பின்னால், ஒரு வகுப்புத் தோழனின் பெரியப்பாவுக்குச் சொந்தமான செம்மண் பொட்டல் இருந்தது. காலை ஐந்தரை மணிக்குப் போவோம். முதல் வேலை கருவேல முள் பொறுக்குவது. அடுத்து, ஒன்பது மீட்டர் அகலத்துக்கும் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கும் கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூளைக் கொட்டாங்கச்சியில் அள்ளிக் கோடு போடுவது. பனியில் நனைந்த மண்ணில் அந்த வெள்ளைக் கோடு விழுந்ததும் அது எங்கள் இடம் என்று ஆகிவிடும். இரண்டு சவுக்குக் கம்புகளில் வலையைக் கட்டுவோம். எட்டு மணிக்கு வெயில் ஏறும்போது கம்பைப் பிடுங்கி, வலையைச் சுருட்டி, நேரே வகுப்புக்குப் போவோம். சட்டைக் காலரில் செம்மண் ஒட்டியிருக்கும்.

முதல் வாரம் எட்டுப் பேர் வந்தோம். மூன்றாம் வாரம் பெண்கள் ஐந்து பேர் வந்து, தங்களுக்கும் ஒரு மணி நேரம் வேண்டும் என்றார்கள். எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். நானும் முதல் நாள் வாய் திறக்காமல்தான் இருந்தேன், அது தவறு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் எறிபந்துக்கென்று வந்து, பின்பு வாலிபாலே ஆடினார்கள். நிதிமேலாண்மை வகுப்பில் அதுவரை ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று தனித்தனியாகச் செய்துவந்த குழுப் பணிகள் அதற்குப் பிறகு கலந்து நடந்தன. எந்தப் பேராசிரியரும் சொல்லி அது நடக்கவில்லை.

இரண்டாம் வருடம் ஜெர்சி அடித்தோம். கல்லூரியின் பெயரைப் போடுவதா என்று பெரிய விவாதம் நடந்தது. மைதானம் தராத கல்லூரியின் பெயரை ஏன் நெஞ்சில் போட வேண்டும் என்று பாதிப் பேர் கேட்டார்கள். கடைசியில் போட்டோம். கல்லூரி என்பது விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்ட அலுவலகம் மட்டும் அல்ல, விடிகாலையில் முள் பொறுக்கிய நாங்களும்தான் கல்லூரி என்று ஒரு பெண் சொன்னாள். அந்த வாக்கியத்துக்கு எதிராகப் பேச யாராலும் முடியவில்லை. இன்று எனக்குச் சரக்குக் கடன் கொடுக்கும் மதுரை மொத்த வியாபாரி அந்த எட்டுப் பேரில் ஒருவன், வரிக்கணக்கு பார்ப்பவள் அந்த ஐந்து பேரில் ஒருத்தி.

கோட்டையூர் அண்ணன் சொன்னதுபோல், பார்ப்பது வேறு, ஆடுவது வேறு. ஆனால் பற்று என்பது இளங்கலையோடு ஒட்டிக்கொள்வது என்று அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் இளங்கலை படித்த கல்லூரிக்குப் பெரிய மைதானமும் கோப்பைகளும் இருந்தன. எனக்கு அங்கே யாருடைய தொலைபேசி எண்ணும் இன்று கைவசம் இல்லை.

நீங்கள் கிளம்ப மூன்று மாதம் இருக்கிறதே, அக்கா. எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் பெண்கள் சிலர் காலையில் கூடைப்பந்து ஆடுகிறார்கள். என் தங்கையும் போகிறாள். வந்து நின்று பார்த்தால் விதிகள் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

மறுமொழி 4: பள்ளத்தூர்

அம்மா, நான் அறுபதைக் கடந்தவன். கல்லூரிப் படிப்பு இல்லாதவன். உங்கள் அப்பச்சியின் கேள்விக்குப் பதில் சொல்ல என் வயதில் ஒருவர் தேவை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எங்கள் ஐயா பத்து வயது தாண்டியதும் பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவர்கள். அந்தக் காலத்தில் நகரத்தார் பிள்ளைகளுக்கு அதுதான் இந்த எம்.பி.ஏ. பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்கும் பேரேடும் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, பிறகு மேலாளாகித் தனியாக ஒரு கடையை நடத்தும் வரை போக வேண்டும். அவர்கள் தங்கிய இடம் கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் ரங்கூன் முகல் தெருவிலும் இருந்த கிட்டங்கிகளில், ஒரே கூடத்தில் பல மார்க்காக்களின் (வியாபார நிறுவனங்களின்) கடை வரிசையாக இருக்கும். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய். பகலில் ஒரே வாடிக்கையாளருக்காகப் போட்டி போடுகிறவர்கள் இரவில் அடுத்தடுத்துப் படுத்து உறங்கினார்கள், ஒரே சமையலைச் சாப்பிட்டார்கள். ரங்கூனில் மாதம் ஒருமுறை தண்டாயுதபாணி கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-ல் கட்டிய முருகன் கோயிலும், அங்கே நடத்திய தைப்பூசமும் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை. வேல் எடுத்து ஒன்றாக நடந்தவனுக்குத்தான் மறுநாள் கடிதம் இல்லாமல் கைமாற்றுக் கொடுத்தார்கள்.

குன்றக்குடி வழியாகப் பழநிக்குக் காவடியோடு நடப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொட்டகையிலும் மரத்தடியிலும்தான் படுக்கிறார்கள். கடை முதலாளி, பெரிய உத்தியோகஸ்தர், கணக்குப்பிள்ளை எல்லாருக்கும் ஒரே ஜமக்காளம். அதைத் தெருவில் படுப்பது என்று உங்கள் அப்பச்சி சொல்ல மாட்டார்கள். பந்தாட்டமும் சாமியும் ஒன்றா என்றால் ஒன்றில்லை, அதை நான் கலக்கவில்லை. ஒன்றாகக் கண் விழித்தவர்களுக்குள் வரும் உறவைத்தான் சொல்கிறேன்.

ஊர்ப் பற்று, பள்ளிப் பற்று என்பதன் கனத்தை நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பர் 1947-ல் கல்லூரி தொடங்கினார், தாம் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார், மின்வேதியியல் ஆய்வு நிலையம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அங்கே படிக்காத என்னைப் போன்றவர்களும் அதை நம் அழகப்பா என்றுதான் சொல்கிறோம். நீங்கள் போகிற இடத்துக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கும், அதை நம்முடையது என்று சொல்லிப் பழகுங்கள். கடனை அடைக்கும் கணக்கை மட்டும் ஒரு நோட்டில் தனியாக எழுதி வையுங்கள்.

மீண்டும் கேட்டவர்: காரைக்குடி மாணவி

இத்தனை பொறுமையாக எழுதிய எல்லாருக்கும் நன்றி. நான்கு மறுமொழிகளையும் அப்பச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கிட்டங்கியைப் பற்றிய பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். அவர்களுடைய ஐயா மலேயாவில் இருந்த கிட்டங்கியில் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் பாய் விரித்தார்கள் என்பது வரை எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு, அதை நான் இதுவரை முழுமையாகக் கேட்டதில்லை, நேற்று கேட்டேன். பேசி முடித்துவிட்டு, அந்த லாரியில் மழை ஒழுகுமா என்று மட்டும் கேட்டார்கள். தேவகோட்டை அக்காதான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கோட்டையூர் அண்ணன் சொன்ன எச்சரிக்கையை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். செப்டம்பர் முதல் ஜனவரி வரையிலான நாட்காட்டியை வரைந்து, கூடாரத் தங்கலுக்கு ஒரு வார இறுதி, அதன்பின் மாதத்துக்கு இரண்டு ஆட்டத்துக்கு மேல் இல்லை என்று குறித்திருக்கிறேன். டிக்கெட் கிடைக்காவிட்டால் அந்த நேரத்தை நானே ஆடுவதற்கு வைத்துக்கொள்வேன். எங்கள் பள்ளி மாணவர்கள் சிறப்பு ஒலிம்பிக் அமைப்புக்காக நிதி திரட்டி நடத்தும் எம்.பி.ஏ. விளையாட்டுகள் என்ற போட்டியைப் பற்றியும் சீனியர் ஒருவர் சொன்னார், அதன் ஏற்பாட்டுக் குழுவில் கணக்கு எழுதும் வேலை கேட்கலாம் என்றிருக்கிறேன்.

இன்று காலை செக்காலைத் தம்பி சொன்ன மைதானத்துக்குப் போனேன். பார்க்கத்தான் போனேன், ஒரு ஆள் குறைகிறது என்று உள்ளே இழுத்துவிட்டார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தட்டாமல் மூன்று அடி நடந்ததும் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். தம்பியின் தங்கை பக்கத்தில் வந்து, என் கையைப் பிடித்து, விரல்களை விரித்து வைத்து, உள்ளங்கை படாமல் தட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். நாளையும் ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். இந்தச் செருப்பு சரிப்படாது என்றும் சொன்னாள், எந்த மாதிரிக் காலணி வாங்குவது என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி 1-ஐ எழுதியவர்: தேவகோட்டை

மழை ஒழுகாது, தங்கச்சி. பின்பக்கக் கதவைப் பாதி திறந்து வைத்தால்தான் சாரல் அடிக்கும், முழுக்க மூடினால் புழுக்கம் தாங்காது. கதவோரத்தில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிடுங்கள் என்று அப்பச்சியிடம் சொல்லுங்கள். காலணி வாங்கும்போது கணுக்காலை மூடுகிற உயரத்தில் பாருங்கள், அதையே அங்கேயும் எடுத்துப் போகலாம்.